சடையனும் சோடியனும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு, மார்க்கம் நகரத்துக்கு வடக்கே, செடி வளர்த்து விற்கிற நேர்சரிகளில் போய், சதுப்புச் செடி என்றால் அந்தக் காலத்தில் யாரைக் கேட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். செடிகளைப் பற்றியே நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர்கள் என்னிடம் இலையை நீட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நான் கண்ணாடியைத் தேடியதுகூட இல்லை. விரலால் தடவிச் சொன்னேன். பிழை போனதில்லை.

ஒருமுறை பிழை போனது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் வெற்றிகளை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், நானே சொல்லியிருப்பேன். இந்த ஒன்றை இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டால், மற்றவற்றைச் சொன்னதில் பயனில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தேன். டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் குடியிருப்பில் அறை. விடிய ஒரு வான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். வானில் எட்டுப் பேர், எல்லோரும் எங்கள் ஆட்கள். அதில் மெற்றில்டா ஒருத்தி. மன்னார்க்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவள். வாய் மட்டும் மூத்தது. நேர்சரி முதலாளி ஒல்லாந்து வம்சத்து மனிதர், மெலிந்தவர், நல்ல உயரம். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். பேச்சைக் குறைத்துவிடுவார். அதுதான் பயம்.

அவர் ஒரு புதுச் செடியை வளர்க்கத் தொடங்கியிருந்தார். லாப்ரடோர் ரீ, அதாவது லாப்ரடோர் தேநீர் என்று பெயர். கனடாவின் வடக்கே சதுப்பு நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு நிற்கிற புதர். தலைக்கு மேலே பனி மூடிக் கிடந்தாலும் இலை உதிர்க்காது. குளிர் கூடக் கூட இலையைச் சுருட்டித் தொங்கப் போட்டுக்கொள்ளும். புதிதாய்ப் பார்க்கிறவன் செத்துப்போச்சு என்று நினைப்பான். வசந்தத்தில் ஒன்றும் நடவாதது போல நிமிரும். இலை ஒடுக்கமாக, ஓரம் உள்ளே வளைந்து இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் துருப்பிடித்த நிறத்தில் கம்பளி. அதனால் நாங்கள் அதற்குச் சடையன் என்று பெயர் வைத்தோம். இங்கிலிஷ் பெயரைவிட அது வாய்க்குச் சுகம்.

முதலாவது கோடையில் சடையன் மஞ்சளாகத் தொடங்கியது. நரம்பு பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். யாழ்ப்பாணத்தில் மிளகாயும் புகையிலையும் வளர்த்த கைக்கு மஞ்சள் என்றால் ஒரே அர்த்தம்தான்: பசி. ஆரையும் கேட்காமல் பின்பக்கத்திலிருந்து மாட்டெரு அள்ளிவந்து சட்டி சட்டியாக வைத்தேன்.

“அண்ணை, பாவம் அதுகள். விட்டிடுங்கோ,” என்றாள் மெற்றில்டா.

“நீ சும்மா இரு. பசியில கிடக்குதுகள்.”

“பசிக்குது எண்டு உங்களுக்கு வந்து சொன்னதுகளோ?”

“மிளகாயும் எனக்கு வந்து சொல்லேல்லை. காய்ச்சுத்தான் காட்டினது.”

இரண்டு கிழமையில் நுனி கருகியது. ட்ரேக்குப் பதினைந்து சட்டி; ஒவ்வொரு ட்ரேயிலும் ஒன்றிரண்டு செத்துவிட்டது. பட்டினியில் வாழப் பழகிய செடிக்கு விருந்து வைத்துக் கொன்றிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. எருவை நிற்பாட்டினேன். மஞ்சள் நிற்கவில்லை.

பதில் சாப்பாட்டு அறையில் இருந்தது. மத்தியானம் மெற்றில்டா தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலைக் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கொட்டியது.

“யாழ்ப்பாணத்தில இருந்த நாலு வருஷமும் இதைத்தான் சுரண்டினனான். கடல் கடந்து வந்தும் உந்தச் சுண்ணாம்பு என்னை விடுதில்லை,” என்றாள்.

நான் சோற்றை வைத்துவிட்டு எழும்பினேன். நேர்சரியில் கிணற்றுத் தண்ணீர்தான். அடியில் சுண்ணாம்புக்கல். எங்களூர்த் தண்ணீரைப் போலவே இருக்கிறதே என்று அதுவரை நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். சடையன் பிறந்தது புளித்த சேற்றில். நாங்கள் அதற்குத் தினமும் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முதலாளியிடம் போய்க் கேத்திலைக் காட்டினேன். என் இங்கிலிஷைவிடக் கேத்தில் நன்றாகப் பேசியது. கிறீன்ஹவுஸ் கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்தோம். மாரியில் வெண்பனியை அள்ளிப் போட்டு உருகவைத்தோம். எருக் கலந்த மண்ணைத் தட்டிவிட்டு பீற் மொஸ் என்கிற சதுப்புப் பாசி மக்கில் மட்டும் மாற்றி நட்டோம். சடையன் தெளிந்துவிட்டான். சொன்னது மெற்றில்டா என்பது உண்மை. ஆனால் கேட்டது நான்.

இதற்குள்ளே ஒன்றைச் செய்திருந்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரன் நிரையில் ஒரு கன்று செத்தால், அடுத்த நாள் அந்த இடத்தில் இன்னொரு கன்றை நிறுத்திவிடுவான். ஓட்டை விழுந்த நிரையை வழியால் போகிறவர்கள் பார்ப்பது மானக்கேடு. எனக்கும் அந்தப் பழக்கம் இரத்தத்தில் இருந்தது. அதோடு, எருவால் செத்ததை முதலாளி எண்ணிப் பார்க்கக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. ட்ரேக்கள் வைத்த நீள மேசையின் கடைசியில் சில ட்ரேக்களில் உதிரிக் கன்றுகள் கிடந்தன. அதே உயரம். அதே ஒடுங்கிய இலை, அதே வளைந்த ஓரம், அடியில் வெள்ளை. சடையனின் இளம் இலையும் முதலில் அடியில் வெள்ளையாகத்தான் இருக்கும். துரு பிறகுதான் ஏறும். ஆகவே இதுவும் சடையன் என்று முடிவெடுத்தேன். லேபல் குத்தியிருந்தது. லேபல் வாசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வாசிக்கத் தெரியாது என்பதைவிடப் பழக்கம் இல்லை என்று சொல்வது எனக்கு வசதி. செத்த இடங்கள் எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் நிரப்பிவிட்டேன். எத்தனை என்று எண்ணவும் இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். மற்ற மேசைகளில் ஓட்டை, என் மேசையில் ஒன்றுமில்லை. அந்த மாரி முடிய என்னைச் சுப்பர்வைசர் ஆக்கினார்.

அடுத்த கோடையில் மெற்றில்டா ஒரு நாள் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணை, உதில சிலது ஏன் இன்னும் சடை வைக்கேல்லை?”

“சிலருக்கு மீசை பிந்தித்தான் முளைக்கும்.”

“உங்களுக்கு எப்ப முளைச்சது?”

“பத்து வயதில.”

“ஓம், அறிவுக்குத்தான் பிந்திப்போச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் குனிந்து ஒரு இலையைப் பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை.

அந்த ஆண்டுதான் ஒரு அம்மா நேர்சரிக்கு வந்தார். வடக்கே பிறந்த பூர்வகுடிப் பெண், ஐம்பது வயதைத் தாண்டியவர். நகரத்தின் நடுவே, வடக்கிலிருந்து வந்த வயதானவர்கள் தங்குகிற ஒரு இல்லத்தில் வேலை செய்தார். அங்கே இருந்தவர்களில் பலர் இனி ஊர் திரும்பப் போவதில்லை. அவர்கள் சிறு வயது முதல் குடித்து வளர்ந்தது சடையனின் இலைத் தேநீர். முற்றத்தில் ஒரு சிறு சதுப்பு வெட்டி, பீற் மொஸ் நிரப்பி, அவர்கள் தங்கள் கையாலேயே இலை பறிக்க வழிசெய்யப் போகிறார்கள். என்னுடைய மேசை முழுவதையும் அவர் கேட்டார். இருபத்துநான்கு ட்ரே.

புரட்டாதி மாதம் ஒரு காலை, சிறிய லொறியோடு வந்தார். அன்று பின்னேரமே நடுவதாக ஏற்பாடு. இல்லத்தில் கதிரைகளைக்கூட முற்றத்துக்கு எடுத்துவைத்துவிட்டார்கள் என்று சொன்னார். நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்தோம். கடைசி ட்ரே என் கையில். அவர் பார்த்துவிட்டு, “ஒரு வெற்றிடமும் இல்லை. இப்படி நான் கண்டதில்லை,” என்றார்.

அது போதும் எனக்கு. வாசத்தையும் காட்டிவிடுவோம் என்று ட்ரேயைக் கீழே வைத்து, ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தேன். சடையனைக் கசக்கினால் பிசின் வாசம் சுள்ளென்று ஏறும். ஒன்றும் வரவில்லை. தடிமனில் மூக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்துச் செடியில் கிள்ளினேன். வாசம் ஏறியது. முதல் செடிக்குத் திரும்பினேன். இல்லை.

தண்டை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து உருட்டினேன். பக்கத்துச் செடியின் தண்டு உருண்டையாக, மயிர்ப்பிடிப்பாக உருண்டது. இதன் தண்டு உருளவில்லை. இரண்டு பக்கமும் விளிம்பு தட்டியது. இலைகளைப் பார்த்தேன். சடையனில் இலை மாறி மாறி நிற்கும். இதில் எதிரும் புதிருமாகச் சோடி சோடியாக நின்றது. அடியில் இன்னும் வெள்ளை. இரண்டு கோடை கடந்தும் வெள்ளை.

அந்த அம்மாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், இதைப் போலவே வேறு செடி உங்கள் சதுப்பில் உண்டா என்று.

“இருக்கிறது,” என்றார். “இளஞ்சிவப்பாகப் பூக்கும். அதே சேற்றில் அதே உயரத்தில் பக்கத்திலேயே நிற்கும். அதைத் தேநீர் போட்டுக் குடித்தால் வாந்தி வரும், இதயம் அடிக்கிறது குறையும். சிலர் எழும்புவதில்லை. சின்னப் பிள்ளையிலேயே எங்களுக்கு இலையின் அடியைப் பார்க்கப் பழக்குவார்கள். இப்போது எங்கள் இல்லத்தில் பாதிப்பேருக்குக் கண் தெரியாது. அவர்கள் செடி நிற்கிற இடத்தை நம்பித்தான் பறிப்பார்கள். அதனால்தான் காட்டில் பிடுங்காமல், வளர்க்கிறவரிடம் வந்தோம்.”

லொறி இயங்கிக்கொண்டு நின்றது. முதலாளி தாளில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். மெற்றில்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள்.

“என்ன அண்ணை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?”

மெல்லச் சொன்னேன். அவளுக்கும் முகம் மாறியது.

“எத்தினை?”

“தெரியாது.”

“தெரியாதோ? நட்டது நீங்கள்தானே?”

“நட்டனான். எண்ணேல்லை.”

“அப்ப முதலாளியிட்டச் சொல்லுங்கோ.”

“பொறு. நானும் லொறியில போறன். நடேக்க ஒண்டொண்டாப் பாத்துப் பிடுங்கிப் போடுறன். ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை.”

“ஒண்டை விட்டிட்டியள் எண்டா?”

நான் முதலாளி நின்ற பக்கம் பார்த்தேன்.

“சுப்பர்வைசர் வேலை போயிடும் எண்டு பயமோ?”

“ஓம்,” என்றேன். அன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை அது.

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் திட்டுகிறவள் திட்டாமல் ட்ரேயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் யோசித்தேன். அவசரத்தில், ஆட்கள் சுற்றி நிற்க, பின்னேர வெயிலில், ஒருத்தன் தனியாக ஒளித்து ஒளித்து முந்நூற்றறுபது செடியைப் பார்த்தால் ஒன்றை விடுவான். நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் விடுவேன். அந்த ஒன்று போதும், கண் தெரியாத ஒருவருக்கு.

முதலாளியிடம் போனேன். என்னிடம் இருந்த இங்கிலிஷ் கொஞ்சம். அது அன்று உதவியாகவும் இருந்தது. சுற்றி வளைத்துப் பேசச் சொற்கள் இல்லை. “இந்த ட்ரேக்களில் செத்த செடி இருந்தது. நான் கொன்றேன். அந்த இடத்தில் வேறு செடி வைத்தேன். அது நஞ்சு. எத்தனை என்று தெரியாது.”

அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. லொறிக்குப் போய் எஞ்சினை நிற்பாட்டினார்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர்தான் கேட்டார், “எப்படிப் பிரிப்பாய்?”

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்கவேண்டும், பிள்ளைகள். பிழை செய்தவனுக்கு வெட்கப்பட நிறைய நேரம் பிறகு கிடைக்கும். பிழை தெரியவந்த நேரம் வேலைக்குரியது. என் முன்னே இரண்டு செடி. ஒன்றை இரண்டு வருடமாகத் தெரியும். மற்றதை ஐந்து நிமிடமாகத் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் நான் ஒரு ஒழுங்கு போட்டேன். எல்லா ட்ரேயையும் இறக்கவேண்டும். ஒவ்வொரு சட்டியும் மூன்று கையைக் கடக்கவேண்டும். முதலில் நான் தண்டை உருட்டுவேன். அடுத்து மெற்றில்டா இலை சோடியா என்று பார்ப்பாள். கடைசியில் அந்த அம்மா இலையைத் திருப்பி, கசக்கி, மணப்பார். மூன்று பேரும் ஓம் என்றால் ட்ரேக்குத் திரும்பிப் போகும். ஒருவர் தயங்கினாலும் கழிவு போடும் பக்கெற் வாளிக்குள்ளே. ஏன் தயங்கினாய் என்று கேள்வி இல்லை.

தொடங்கினோம். மெற்றில்டா ஒவ்வொரு முறையும் “சோடி!” என்று கத்தினாள். நாலைந்து முறைக்குப் பிறகு அந்த அம்மாவும் அதே சொல்லால் கூப்பிடத் தொடங்கினார். அப்படித்தான் அந்தச் செடிக்குச் சோடியன் என்று பெயர் விழுந்தது. இன்றைக்கும் எங்கள் ஆட்களிடம் அதே பெயர்தான்.

பாதி வழியில் முதலாளி பக்கெற்றுக்குள் கையை விட்டு ஒரு செடியை எடுத்தார். வாடல் செடி, வாசம் குறைவு. அந்த அம்மா தயங்கிப் போட்டது. அடியில் கொஞ்சம் துரு தெரிந்தது.

“இது நல்ல செடி,” என்றார்.

“நல்லதாக இருக்கலாம்,” என்றேன். “உள்ளே போடுங்கள்.”

என் முதலாளிக்கு நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், உள்ளே போட்டார்.

மூன்று மணியாகிவிட்டது. பக்கெற்றுகளில் ஐம்பத்தொரு செடி. இம்முறை எண்ணினேன். அதில் பத்துப் பன்னிரண்டு நிச்சயம் சடையன்தான். பரவாயில்லை. ட்ரேக்களைப் பார்த்தால் பல்லுப் போன வாய் மாதிரி இருந்தன. முதலாளி பின்பக்கக் கிறீன்ஹவுஸைக் காட்டி, அங்கே இன்னும் சடையன் கிடக்கிறது, ஓட்டைகளை நிரப்பிவிடு என்றார். பார்வைக்கு நன்றாக இருக்குமாம். எனக்குக் கை துடித்தது, பொய் சொல்லவில்லை.

“வேண்டாம்,” என்றேன். “நிரப்பித்தான் இவ்வளவும்.”

அந்த அம்மா லொறிக்கு ஏறுவதற்கு முன் திரும்பினார். “ஒரு ட்ரேயை நீயே தெரிவுசெய். அதில் இலை பறி.”

தெரிவுசெய்தேன். நாலைந்து செடிகளில், செடிக்கு இரண்டு இலையாகப் பறித்தேன். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். மெற்றில்டா சாப்பாட்டு அறையில் கேத்திலைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள், அதே சுண்ணாம்புக் கேத்தில். அந்த அம்மா இலையைக் கொதிக்கவிடவில்லை. கோப்பையில் போட்டு, மேலே சுடுநீர் ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, இலையை எடுத்து எறிந்தார். சடையன்கூட அளவோடுதான், கடுஞ்சாயமாக ஊறவிடக்கூடாது என்றார். பிறகு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“வளர்த்தவர் முதலில்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் எத்தனையோ தேநீர் குடித்திருக்கிறேன். அவ்வளவு நேரம் எடுத்து ஒரு வாய் குடித்ததில்லை. கையில் உருட்டிய தண்டுகளை ஒவ்வொன்றாக நினைத்தேன். சடையன், சடையன், சடையன். விழுங்கினேன். கோப்பை முடியும்வரை குடித்தேன். அந்த அம்மா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். கனநேரம்.

மெற்றில்டாவுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணை, உசிரோட இருக்கிறியளோ?”

“சீனி காணாது,” என்றேன்.

அவள் அதை அந்த அம்மாவுக்கு இங்கிலிஷில் சொன்னாள். அவர் சிரித்தார். மிச்ச இலையைப் போட்டு அதே கோப்பையில் தனக்கும் ஊற்றிக் குடித்தார். லொறி போனது. அன்று இருட்டுவதற்கு முன் நட்டுவிட்டார்களாம். அந்த முற்றத்தில் பிறகு பலமுறை போய் இருந்திருக்கிறேன். விட்ட இடைவெளிகளுக்குள்ளே சடையன் தானே வேரோடி வந்து நிரப்பிக்கொண்டான். அவசரப்பட்டது நான் மட்டும்தான்.

அடுத்த திங்கட்கிழமை சுப்பர்வைசர் வேலை மெற்றில்டாவுக்குப் போனது. முதலாளி நான் நின்றுகொண்டிருக்கவே எல்லோருக்கும் சொன்னார். சரியான முடிவு. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இன்னும் கொஞ்சம் கெதியாகச் செய்திருப்பேன். சதுப்புச் செடி மேசையை மட்டும் என்னிடமே விட்டார். அதில் என்னை விட்டால் அவருக்கு ஆள் இல்லை.

பதினோரு வருடம் அவளுக்குக் கீழே வேலை செய்தேன். ஒவ்வொரு காலையும் கையில் பேனையோடு என் மேசைக்கு வருவாள். எத்தனை நிறைந்திருக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“அண்ணை, எத்தினை ஓட்டை?”

நான் எண்ணிவைத்திருப்பேன். சொல்வேன்.